சோப்புக் கட்டியோடு உட்காருங்கள்: ஒரு சிற்பியின் படத்தைப் பார்க்கும் முறை

நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சிற்பிகளைப் பற்றிய ஆவணப்படம் போட்டால் ஐந்தாவது நிமிடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றி வந்து பார்க்க வேண்டிய பொருளைத் தட்டையான திரையில் காட்டினால் வேறென்ன ஆகும்? பிறகு ஒரு வழி பிடிபட்டது. போன மாதம் என் பேத்தியோடு சிற்பி பார்பரா ஹெப்வொர்த்தைப் பற்றிய படங்களை அப்படித்தான் பார்த்தேன்.

ஹெப்வொர்த் 1903இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டில் பிறந்தவர். அவர் படித்த காலத்தில், சிற்பி களிமண்ணில் மாதிரி செய்து கொடுப்பார், கல்லில் அதை வேறொருவர் செதுக்குவார் என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். ஹெப்வொர்த் ரோமில் ஒரு பளிங்குக் கைவினைஞரிடம் வேலை கற்றுக்கொண்டு, உளியைத் தானே பிடித்தார். உயிரோடு இருந்தபோதே அவரைப் பற்றிப் படம் எடுத்துவிட்டார்கள். 1953இல் டட்லி ஷா ஆஷ்டன் எடுத்தது ஒன்று, 1961இல் பிபிசிக்காக ஜான் ரீட் எடுத்தது இன்னொன்று.

முதலில் சோப்பு. படம் போடுவதற்கு முன் ஆளுக்கு ஒரு புதுக் குளியல் சோப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பழசு வேண்டாம், காய்ந்துபோய் வெடிக்கும். ஒரு டீஸ்பூன், ஒரு ஹேர்பின், முனை மழுங்கிய கத்தி போதும். மூலைகளை மழித்து முட்டை வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் நடுவில் ஓட்டை போடுங்கள். ஒரே பக்கத்திலிருந்து குடைந்துகொண்டே போனால் கடைசியில் மறுபக்கம் பெயர்ந்து வந்துவிடும். என் முதல் சோப்பு அப்படித்தான் போயிற்று. இரண்டு பக்கமும் மாறி மாறிக் குடைந்து நடுவில் சந்திக்க வையுங்கள். வெளிச்சம் உள்ளே புகுந்து மறுபக்கம் வரும் அந்த நொடிக்காகத்தான் இவ்வளவு பாடும். ஹெப்வொர்த் அலபாஸ்டர் என்ற மென்மையான கல்லில் முதல் முறை அப்படி ஊடுருவியது 1930களின் தொடக்கத்தில். அந்தச் சிற்பம் போரில் அழிந்துபோயிற்று.

குடையும்போது உங்கள் இடது கையைக் கவனியுங்கள். சுத்தியல் பிடிக்கிற வலது கை வெறும் இயந்திரம், யோசிக்கிற கை இடது கைதான் என்று ஹெப்வொர்த் சொல்லியிருக்கிறார். சோப்பைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்த பேத்தி, "பாட்டி, இந்தக் கைதான் எங்க நிறுத்தணும்னு சொல்லுது" என்றாள். இனிமேல் படத்தில் அவர் வேலை செய்யும் காட்சி வந்தால், சத்தம் போடும் சுத்தியலை விட்டுவிட்டு மற்றக் கையைப் பாருங்கள்.

அடுத்தது வெளிச்சம். சோப்பைத் தட்டில் வைத்து, அறையை இருட்டாக்கி, பக்கவாட்டிலிருந்து செல்போன் டார்ச் அடியுங்கள். தட்டைச் சுற்றினால் நிழல் சோப்பின் மேல் ஊர்ந்து போகும். தட்டையும் டார்ச்சையும் அசைக்காமல் நீங்கள் மட்டும் சுற்றி வந்தால் நிழல் அப்படியே நிற்கும். இது தெரிந்துவிட்டால், படத்தில் சிற்பத்தைச் சுழல்மேடையில் சுற்றினார்களா, கேமராக்காரர் சுற்றி நடந்தாரா என்று நீங்களே சொல்லிவிடலாம். எனக்குப் பிடித்தது நடப்பதுதான். சுழல்மேடை நகைக்கடை ஜன்னலை ஞாபகப்படுத்துகிறது.

இப்போது 1953 படத்தைப் போடுங்கள், சத்தமில்லாமல். சிற்பங்களை இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலின் கடற்கரைக்கும் மேட்டுவெளிக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்து எடுத்திருக்கிறார்கள். பாறை எது, சிற்பம் எது என்று கண் தடுமாறும் இடங்களில் நிறுத்திப் பாருங்கள். இரண்டாம் முறை சத்தத்தோடு. எழுத்தாளர் ஜாக்கெட்டா ஹாக்ஸ் எழுதிய உரையைக் கவிஞர் செசில் டே-லூயிஸ் வாசிக்கிறார். நல்ல கம்பீரமான குரல். ஆனால் கண் பார்ப்பதற்கு முன் வாய் சொல்லிவிடுகிறது, அதனால்தான் முதல் முறை வேண்டாம் என்றேன். ப்ரியோ ரெய்னியர் என்ற பெண் அமைத்த இசையைத் தவறவிடாதீர்கள்.

வாழ்க்கையைச் சொல்லும் படங்கள் வேறு ரகம். ஒரு துண்டுச் சீட்டில் சில வருடங்களை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1934, ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள். 1939, போர் தொடங்கும் நேரத்தில் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊர்ப் பக்கம் குடிபெயர்வு. பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, இரவில் வரையவும் சின்னச் சின்னப் பிளாஸ்டர் மாதிரிகள் செய்யவும்தான் அப்போது முடிந்தது. 1949, செயின்ட் ஐவ்ஸில் ட்ரெவின் என்ற பட்டறை. 1953, விமானப்படையிலிருந்த மூத்த மகன் பால் தாய்லாந்தில் விமான விபத்தில் இறந்தார். கடற்கரைப் படத்தின் வருடமும் அதுதான்.

இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் காட்சி நடக்கும்போது குழந்தைகள் யாரிடம் இருந்தார்கள்? கணவர் பென் நிக்கல்சனின் ஓவியங்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிவிட்டு இந்தக் கேள்வியைத் தொடாத படம் பாதிப் படம்தான். 1975இல் ட்ரெவின் பட்டறையில் தீப்பிடித்து ஹெப்வொர்த் இறந்தார். அந்தத் தீயிலேயே தொடங்குகிற படத்தையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கடைசி நாளை வைத்து எழுபத்திரண்டு வருடத்தையும் அளக்கப் பார்க்கிறார்கள்.

அளவு விஷயத்தில் திரையை நம்பாதீர்கள். விமான விபத்தில் இறந்த ஐ.நா. பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷோல்டின் நினைவாக 1964இல் நியூயார்க் ஐ.நா. தலைமையகத்தில் திறந்த வெண்கலச் சிற்பம் 6.4 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட இரண்டு மாடி. போனில் பார்த்தால் கட்டைவிரல் அளவுதான். பக்கத்தில் ஆள் நடக்கும் காட்சி வரும்வரை எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ட்ரெவின் பட்டறை இப்போது அருங்காட்சியகம். உளிகளும் வேலைச் சட்டைகளும் அங்கே அப்படியே இருக்கின்றன. பின்னாளில் எடுத்த படங்களில் அந்த அறை வந்தால், பேச்சை விட்டுவிட்டுக் கருவிகளை எண்ணுங்கள்.

சோப்புச் சீவல்களை எறிய வேண்டாம். வெந்நீரில் கரைத்தால் கை கழுவ ஆகும். பேத்தி செய்த ஓட்டைச் சோப்பு மட்டும் குளியலறை ஜன்னலில் இருக்கிறது. அதை யாரும் தொடக் கூடாதாம்.