நின்றபடி பிரஷர் பார்ப்பது எப்படி? அம்மா விழுந்த பிறகு நான் கற்றது

அம்மாவுக்கு வயது 74. பிரஷருக்கு இருபது வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) இருப்பது போன வருடம்தான் தெரிந்தது, அதுவும் விழுந்த பிறகு. விடிகாலை நாலு மணிக்குக் கழிவறைக்குப் போக எழுந்தவர், அறை வாசலிலேயே சாய்ந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்த வாரம் நான் நோட்டில் எழுதியிருந்த அளவுகள் 128/76, 131/78. எல்லாமே உட்கார வைத்து எடுத்தவை. "நின்னு பாத்தீங்களா?" என்று இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத் தாதி (நர்ஸ்) கேட்டபோதுதான் உறைத்தது. எழுந்து நிற்கும்போது சிலருக்குப் பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றும்; உட்கார்ந்து எடுத்தால் அது தெரியாது.

1. கருவி

மேற்கையில் கட்டுவதையே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவி கை கொஞ்சம் இறங்கினாலும் தடுமாறும். எங்கள் வீட்டில் ஓம்ரான். வேறு பிராண்டாக இருந்தாலும் சரி, பட்டையின் அளவைப் பார்த்து வாங்குங்கள். பருமனான கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

2. உட்கார்ந்து எடுப்பது

இது பலருக்கும் தெரிந்ததுதான். ஐந்து நிமிட ஓய்வு, முதுகு சாய்மானத்தில், கால் தரையில், பேச்சு கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை.

3. நின்று எடுப்பது

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஐந்து நிமிடம் படுக்க வையுங்கள். படுத்தபடியே ஒரு அளவு எடுங்கள். பட்டையைக் கழற்றாமல் எழுப்பி நிற்க வைத்து, ஒரு நிமிடத்தில் ஓர் அளவு, மூன்றாவது நிமிடத்தில் இன்னோர் அளவு. பின்னால் ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம். தலை சுற்றுகிறது என்றால் உடனே உட்கார வையுங்கள். அளவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, தலைசுற்றியது என்பதே மருத்துவருக்குப் போதுமான செய்தி.

முதல் மூன்று நாளும் நின்ற அளவு நன்றாகவே இருந்தது. அம்மாவுக்கோ கண் இருட்டிக்கொண்டு வந்தது. கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். உண்மையில் அம்மா நிற்கும்போது கையைத் தொங்கவிட்டிருந்தார். கை இதயத்துக்குக் கீழே இறங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும். இறங்கிப்போன பிரஷரை அது மறைத்துவிட்டது. நான்காம் நாள் அம்மாவின் கையை என் தோளில் தாங்கிக்கொண்டு எடுத்தேன். மேல் எண் படுத்தபோது 134, நின்றபோது 106.

மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அம்மாவுக்கு மருத்துவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

4. எழும் முறை

கண் விழித்ததும் படுத்தபடியே பாதங்களை மேலும் கீழும் இருபது தடவை அசைக்க வேண்டும். பிறகு கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழ வேண்டும். அம்மா இதை "எஞ்சின் சூடாகுது" என்பார். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு போட்டோம், கால்மிதியை எடுத்துவிட்டோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடாக இருந்தால், முதியோருக்கான ஈஸ் (EASE) திட்டத்தில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத குளியலறைத் தரையும் சலுகை விலையில் போட்டுத் தருவார்கள். வீட்டு உரிமையாளர் சிங்கப்பூரராக இருந்து, வீட்டில் 65 அல்லது அதற்கு மேல் வயதானவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். விழும்வரை காத்திருக்காதீர்கள், நாங்கள் காத்திருந்தோம்.

5. வாரம் ஒரு மாத்திரை

எலும்புக்கு அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், ஞாயிறு காலை வெறும் வயிற்றில். ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். அடுத்த அரை மணி நேரம் படுக்கவே கூடாது, படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். தே (தேநீர்), காப்பி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அந்த அரை மணிக்குள் வேண்டாம். அம்மா தேயோடு விழுங்கிக்கொண்டிருந்தது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. மருந்து உடம்பில் சேராமல் வீணாகப் போயிருக்கும்.

6. சாப்பாடு

உப்பு கூடினால் பிரஷர் ஏறும், சிறுநீரில் கால்சியமும் அதிகம் வெளியேறும். ஒரு நாளைக்கு 5 கிராம் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. ஊறுகாயையும் கருவாட்டையும் குறைத்தோம். நெத்திலியில் கால்சியம் உண்டு, ஆனால் உப்பும் உண்டு. ஊறவைத்து இரண்டு முறை அலசுவோம். கால்சியம் உள்ள கேழ்வரகு, தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) சுலபமாகக் கிடைக்கும்.

பின்சேர்க்கை

அப்பாவால் நிற்கவே முடியாது, என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டார். படுத்து ஓர் அளவு, பிறகு கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்கார்ந்து ஓர் அளவு எடுங்கள். எப்படி எடுத்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

மாமியாருக்கு முதுகுவலிக்குக் கடையில் ஐபுபுரோஃபென் வாங்கிக் கொடுத்ததாக இன்னொருவர் எழுதியிருந்தார். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், பிரஷர் மருந்தின் வேலையையும் கெடுக்கும். நாங்கள் பாராசிட்டமால்தான் கொடுக்கிறோம், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். ஆனால் திடீரென்று புதிதாக முதுகுவலி வந்தால் எந்த மாத்திரையும் கொடுத்துச் சமாளிக்காமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எலும்புப்புரை உள்ளவர்களுக்கு விழாமலேயே முதுகெலும்பு நொறுங்குவதுண்டு.