கால்சியம் உணரிப் புரதங்களை வடிவமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரம்பணுவில் மின்துடிப்பு எழும்போது உள்ளே பாயும் கால்சியத்தை ஒளியாக மாற்றிக் காட்டும் புரதங்களுள் பெரிதும் பயன்படுவது, ஜுனிச்சி நகாயும் உடன்பணியாளர்களும் 2001-இல் வெளியிட்ட ஜிகேம்ப் (GCaMP). இதில், பழைய முனைகளை இணைத்து வேறோர் இடத்தில் புதிய முனைகள் திறக்கப்பட்ட பச்சை ஒளிர்புரதத்தின் ஒருபுறம் எம்13 என்னும் சிறு புரதத்துண்டும், மறுபுறம் கால்சியத்தைப் பற்றும் கால்மோடுலின் என்னும் புரதமும் பொருத்தப்பட்டிருக்கும். கால்சியத்தைப் பற்றிய கால்மோடுலின் எம்13-ஐத் தழுவும்போது ஒளிர்புரதத்தின் ஒளி உமிழும் மையத்தின் சூழல் மாறி, ஒளி கூடுகிறது.

இதை மேம்படுத்துவோர் செய்யும் பெருந்தவறு, தூய்மைப்படுத்திய புரதத்தைச் சோதனைக் குழாயில் அளந்து, அந்த எண்ணை மட்டும் நம்பி, திருத்தியமைத்த வடிவங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே. குழாயில் நாம் ஒப்பிடுவது கால்சியமே இல்லாத நிலையையும் அது நிறைந்த நிலையையும். நரம்பணுவிலோ ஓய்விலேயே சுமார் 50 முதல் 100 நானோமோலார் (லிட்டருக்கு ஒரு மோலின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமோலார்) கால்சியம் இருக்கிறது, ஒரு துடிப்பு அதைச் சிறிது நேரத்துக்கு மட்டும் உயர்த்துகிறது. குழாயில் பன்மடங்கு ஒளிர்ந்த உணரி அந்தச் சிறு ஏற்றத்துக்கு அசையாமலே இருந்துவிடலாம். 2013-இல் வந்த ஜிகேம்ப்6 வரிசை, வளர்ப்பு நரம்பணுக்களை மின்னால் தூண்டி, அவற்றில் தெரிந்த ஒளிமாற்றத்தைக் கொண்டே சலித்தெடுக்கப்பட்டது.

கால்சியத்துடனான பிணைப்பு இறுகினால் நல்லது என்று எண்ணுவதும் பிழை. இறுகப் பற்றும் உணரி பொதுவாக மெல்லவே விடும். அடுத்தடுத்த துடிப்புகள் ஒரே மேடாகக் கலந்து, விரைவில் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். ஜிகேம்ப்6 வரிசையிலேயே மெதுவான, நடுத்தர, விரைவான வடிவங்களைத் தனித்தனியே தர நேர்ந்ததற்குக் காரணம் இதுவே.

ஒளிமாற்ற விகிதத்தை, அதாவது ஒளியின் மாற்றத்தை ஓய்வுநிலையின் அடிப்படை ஒளியால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை, பெரிதாக்க அந்த அடிப்படை ஒளியை மேலும் மேலும் குறைப்பது, என் பார்வையில், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. வகுக்கும் எண் சிறுத்தால் விகிதம் பெருகத்தான் செய்யும். ஆனால் அமைதியாக இருக்கும் செல் நுண்ணோக்கியில் புலப்படாது, பின்னணி ஒளியைக் கழிப்பதில் நேரும் சிறு பிழைகூட முடிவைப் புரட்டிவிடும்.

அமிலத்தன்மை மாறினாலும் இப்புரதங்களின் ஒளி மாறும். எனவே கால்சியத்தைப் பற்ற இயலாதபடி திருத்திய துணை உணரி ஒன்றையும் உடன்வைத்துச் சோதிக்க வேண்டும்; அதன் ஒளியும் மாறினால், அந்த மாற்றத்துக்குக் காரணம் கால்சியம் அன்று.

உணரி வெறும் பார்வையாளர் அன்று என்பதையும் பலர் மறக்கின்றனர். அதுவே கால்சியத்தைப் பற்றித் தேக்குகிறது. அதிலுள்ள கால்மோடுலின் செல்சவ்வில் கால்சியத்தை உள்ளே விடும் எல் வகை வாயில்களின் இயக்கத்தையும் குலைக்கக்கூடும். உணரி அளவுக்கு மீறி உற்பத்தியாகும்போது பச்சை ஒளி உட்கருவுக்குள்ளும் நிறைகிறது. அத்தகைய செல்களின் துலங்கல் இயல்பானதன்று. ஆகவே அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, உணரியின் மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் வைரஸின் அளவைக் குறைத்து மீண்டும் அளக்க வேண்டும்.