மாஸ்டர் எண்ணெய் ஊற்றும் முன் சொல்லிவிடுங்கள்

வேலூரில் பாஸ்ட் புட் என்று சொன்னால் யாருக்கும் பர்கர் ஞாபகம் வராது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சத்துவாச்சாரியிலோ, காட்பாடி காந்தி நகரிலோ, பாகாயம் போகிற வழியிலோ ரோட்டோரம் வண்டியைப் போட்டு, அடுப்பை முழு வேகத்தில் எரியவிட்டு, கடாயைக் கரண்டியால் டங் டங் என்று தட்டுகிறார்களே, அதுதான் நமக்கு பாஸ்ட் புட். அந்தச் சத்தத்துக்கே பசிக்கிற ஜாதி நான். ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை முடித்து, பஸ் பிடித்து ஊர் வந்து சேர ஒன்பது மணியாகிவிடும், வீட்டில் போய் அடுப்பு மூட்டத் தெம்பு இருக்காது, அதனால் வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நாலு நாள், ராத்திரிச் சாப்பாடு கடாய்ச் சோறுதான். போன வருஷம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் நார்மல், 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நடுவில் நிற்கிறேன். வெளியில் சாப்பிடுவதை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். நான் நிறுத்த மாட்டேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சரி, கடையை விட முடியாது, ஆர்டரையாவது மாற்றலாம் என்று ஆரம்பித்தேன். மாற்றிப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. ரோட்டோரக் கடையில் சமையல் நம் கண் முன்னால் நடக்கிறது, சொன்னால் செய்துகொடுக்க ஒரு மனுஷன் எதிரில் நிற்கிறார். பெரிய கம்பெனிக் கடைகளில் இந்த வசதி கிடையாது. நாம்தான் காசைக் கொடுத்துவிட்டு போனை நோண்டிக்கொண்டு நிற்கிறோம்.

ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து கடாய்க்கு நேராக நின்றேன். ஒரு ப்ளேட் எக் ரைசுக்கு மாஸ்டர் எண்ணெய் டின்னில் கரண்டியை முக்கி எடுத்து ஊற்றினார், புகை கிளம்பியதும் இரண்டு முட்டையை உடைத்துவிட்டுக் கலைத்தார், அப்புறம் கோஸும் கேரட்டும், ஒரு கைப்பிடிகூட இருக்காது. ஆறிப்போன சோறு விழுந்து அடியில் ஒட்டுகிற மாதிரி தெரிந்ததும் இன்னொரு அரைக் கரண்டி எண்ணெய். வீட்டுக்கு வந்து குத்துமதிப்பாக அதே அளவை ஊற்றி, பையனின் இருமல் மருந்து மூடியால் அளந்து பார்த்தேன். கிட்டத்தட்ட 30 மில்லி. எந்த எண்ணெயாக இருந்தாலும் 30 மில்லி என்றால் சுமார் 250 கலோரி, அதாவது நாலு இட்லிக்கு மேலேயே. சோற்றையும் முட்டையையும் நான் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அதனால் முதல் வேலை, எண்ணெய் விழுவதற்கு முன்னால் வாயைத் திறப்பது. ஊற்றிய பிறகு கம்மி பண்ணுங்க என்றால் அவர் என்ன செய்வார், திருப்பி டின்னிலா ஊற்றுவார்? டோக்கன் கொடுக்கும் தம்பியிடம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை, அது மாஸ்டர் காதுக்குப் போய்ச் சேராது. நேராக மாஸ்டரிடமே, "மாஸ்டர், ஒரு எக் ரைஸ். எண்ணெய் பாதி, சோறு கம்மி, கோஸ் டபுளா போடுங்க, சோயா சாஸ் லைட்டா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாண்ணா, ஒடம்பு சரியில்லையா?" என்றார். நாலாவது தடவை போனபோது கேட்காமலேயே கோஸை அள்ளிப் போட்டார். இப்போது அந்தக் கடையில் எனக்குப் பெயர் கோஸண்ணா. போகட்டும், பரவாயில்லை.

நேரமும் முக்கியம். எட்டரைக்கு மேல் போனால் நாலு பார்சலை ஒரே கடாயில் போட்டுக் கிளறிப் பிரித்துக் கட்டுவார்கள், அதில் உங்கள் 'எண்ணெய் பாதி' காணாமல் போய்விடும். ஏழு, ஏழரைக்கெல்லாம் போக முடிந்தால் நம் ப்ளேட்டைத் தனியாகப் போடச் சொல்லலாம். எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் அது வாய்க்கிறது. மற்ற நாள் ஆம்லெட் தனியாகப் போடச் சொல்லி, ரைஸை ஆப் ப்ளேட்டாக வாங்கிக்கொள்கிறேன்.

சிக்கன் ரைஸா எக் ரைஸா என்று கேட்டால் யோசிக்காமல் எக் ரைஸ் என்பேன். சிக்கனில் புரோட்டீன் இருக்கிறதே என்பீர்கள், வாஸ்தவம், ஆனால் இந்தக் கடைகளில் சிக்கன் ரைசுக்குள் விழுவது பெரும்பாலும் சாயங்காலமே பொரித்துக் குவித்து வைத்த சிக்கன் 65 துண்டுகள்தான். மாவு, நிறம், எண்ணெய் எல்லாம் ஏற்கனவே குடித்த துண்டு, அதை வெட்டி மறுபடியும் எண்ணெயில் புரட்டுகிறார்கள். முட்டை அப்படி இல்லை, நம் கண் முன்னால் உடைகிறது. நூடுல்ஸும் சோற்றுக்கு மாற்று கிடையாது, அது மைதா, போதாததற்கு ஒட்டாமல் இருக்க வேகவைத்த கையோடு எண்ணெய் தடவி வைத்திருப்பார்கள். கை சிவக்கிற 65, கை சிவக்கிற கோபி இரண்டையும் தொடாதீர்கள். பக்கத்துக் கர்நாடகத்தில் 2024 மார்ச்சிலேயே கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள்.

அஜினோமோட்டோ போடாதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, பெரிய காரியம் செய்த திருப்தியில் நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அது வேண்டாம் என்றால் வேண்டாம், தப்பில்லை, ஆனால் உப்புக் கணக்கில் பார்த்தால் நிஜமான ஆள் அது இல்லை. சாதாரண உப்பில் நூற்றுக்கு 39 பங்கு சோடியம், அஜினோமோட்டோவில் 12 பங்குதான். சோயா சாஸைப் பாருங்கள், ஒரு மேசைக்கரண்டியில் கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்கிற உச்ச அளவே 2,000 மில்லிகிராம்தான். பாட்டிலைக் கவிழ்த்து இரண்டு உதறு உதறுகிறாரே, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் கையை நீட்டித் தடுக்க வேண்டியது அந்த இடத்தில். மேசையில் இருக்கும் சில்லி சாஸ், தக்காளி சாஸும் அதே கோஷ்டிதான்.

பரோட்டாவுக்கு வருகிறேன். ஒரு பரோட்டா அளவைப் பொறுத்து 250 முதல் 300 கலோரி வரை, இரண்டோடு எழுந்திருக்கிற ஆள் நான் பார்த்த வரையில் கிடையாது. கொத்து போட்டால் அதற்கு மேல் எண்ணெய், அதற்கு மேல் சால்னா. ஆனால் அதே கடையில், அதே கல்லில், பரோட்டாவுக்குப் பக்கத்திலேயே கல்தோசை வேகும். இரண்டு கல்தோசை, ஒரு ஆம்லெட், சால்னா கொஞ்சம் என்று கேட்டுப் பாருங்கள், அதே ருசி, அதே சால்னா, வயிறும் லேசாக இருக்கும். சால்னாவில் மேலே மிதக்கிற சிவப்பு எண்ணெயை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து மொண்டு ஊற்றச் சொல்லுங்கள். மேலாப்பில் ஊற்றினால்தான் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும் என்று கடைக்காரருக்கு ஒரு எண்ணம், நாமாகச் சொன்னால்தான் உண்டு.

பிரியாணியைப் பற்றி இந்த ஜில்லாவில் கெடுதலாகப் பேசிவிட்டு யாரும் நடமாட முடியாது, எனக்கும் அந்த உத்தேசம் இல்லை. ஆம்பூர்ப் பக்கத்துச் சீரகச் சம்பா பிரியாணி, மசாலா அடக்கமாக, உண்மையில் கடாய் ரைஸைவிட யோசித்துச் செய்த சாப்பாடு. தப்பு நடப்பது கூடச் சேர்க்கிறவற்றில். பிரியாணியோடு ஒரு ப்ளேட் 65, ஒரு கூல்ட்ரிங்க்ஸ் என்று வாய் தானாகச் சொல்லிவிடும், அதை அடக்கினாலே பாதி வேலை முடிந்தது. ஆப் பிரியாணி, ஒரு அவித்த முட்டை, தயிர் வெங்காயம் இரண்டு கப். கத்திரிக்காய்த் தொக்கையும் கேட்டு வாங்குங்கள், எண்ணெய் மிதக்கும்தான், இருந்தாலும் அந்த இலையில் விழுகிற ஒரே காய் அதுதானே. நம் இலவம்பாடிப் பக்கத்து முள் கத்திரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அதை ஓரமாக ஒதுக்கிவைப்பது நியாயமா? காசு மிச்சம் என்று குஸ்கா வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் இருப்பது சோறும் கொழுப்பும் மட்டும்தான். பசி சீக்கிரம் திரும்பி வரும். குஸ்காதான் என்றால் கூட இரண்டு முட்டையாவது வேண்டும்.

வேலூர்க்காரர்கள் கண்டுகொள்ளாத ஒரு இடம் சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்காக அங்கே சின்னச் சின்ன மெஸ் நிறைய இருக்கின்றன. அவங்க சாப்பாடு நமக்கு எதுக்கு என்று நாம் தாண்டிப் போய்விடுகிறோம். நான் ஒரு மழை நாளில் ஒதுங்கப் போய்த்தான் கண்டுபிடித்தேன். நெய் தடவாமல் நெருப்பில் சுட்ட ரொட்டி, பருப்பு, ஒரு காய். பத்து நிமிஷத்தில் மேசைக்கு வந்துவிட்டது. எண்ணெய் போடாமல் சுட்ட ரொட்டி வேண்டும் என்பதைச் சைகையிலேயே புரியவைத்துவிடலாம், தமிழும் ஓரளவு புரியும். மீன் குழம்பும் நன்றாக இருக்கும், ஆனால் மீனைப் பொரித்துத்தான் குழம்பில் விடுவார்கள், அதனால் அது முழுக்க எண்ணெய் இல்லாத சாப்பாடு என்று நினைத்துவிட வேண்டாம்.

ஷவர்மாவில் கறியைவிட மயோனைசைத்தான் பார்க்க வேண்டும். அதில் முக்கால் பங்கு எண்ணெய், ஒரு மேசைக்கரண்டிக்குக் குறைந்தது 90 கலோரி, ஷவர்மாவில் விழுவது ஒரு கரண்டியோடு நிற்பதில்லை. பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8லிருந்து ஓராண்டுக்குத் தடை போட்டது, கலோரிக்காக அல்ல, கிருமிக்காக. தடை இருக்கிறதோ இல்லையோ, வெயிலில் திறந்து கிடக்கிற டப்பா மயோனைசைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். மயோ பாதி, உள்ளே உருளைக்கிழங்கு வறுவல் வேண்டாம், கோஸ் நிறைய என்றால் ஷவர்மா அவ்வளவு மோசமில்லை. கம்பியில் நெருப்பு அணைந்து கறி சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கு வேண்டாம். கிரில் சிக்கன் கால் பங்கு வாங்கி, குபூஸ் ரொட்டி ஒன்று மட்டும் எடுத்துக்கொள்வது என் வழக்கம், தோலைப் பையன் பிடுங்கிக்கொள்வான்.

பீட்சா, பர்கர் கம்பெனிக் கடைகளில் மாஸ்டரும் இல்லை, எண்ணெய் கம்மி என்ற பேச்சும் இல்லை. அங்கே நமக்கிருக்கும் ஆயுதம் போர்டு. பத்துக் கிளைகளும் அதற்கு மேலும் உள்ள உணவுக் கடைகள் மெனுவில் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் எதிரே கலோரி போட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதி. எழுத்து பொடியாக இருக்கும், தேடிப் படியுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 2,000 என்ற கணக்கையும் கூடவே வைத்துப் பார்த்தால் எது எவ்வளவு விழுங்குகிறது என்று தெரிந்துவிடும். அதிகம் தெரிய வேண்டாம், 'மீல்' என்று சேர்த்து வாங்காமல் பர்கரை மட்டும் வாங்கினாலே வறுவலும் கோலாவும் கழிந்துவிடும். பீட்சாவில் சீஸ் உள்ளே அடைத்த வகையைத் தவிர்த்துவிட்டு மெல்லிய ரொட்டி, காய் போட்டது, சின்ன சைஸ்.

குடிக்கிற சமாச்சாரம்தான் வேலூரில் பெரிய பொறி, ஏனென்றால் நம் ஊர் வெயில் அப்படி. 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜூஸ் கடை சாத்துக்குடி நல்லதுதானே என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன், மிக்சியில் விழுகிற சர்க்கரைக் கரண்டியைப் பார்க்கிற வரைக்கும். நீர்மோரும் இளநீரும் இருக்கும்போது எதற்கு இந்த வம்பு? கோடையில் தள்ளுவண்டி ராகிக் கூழ் கிடைக்கும், இதைவிட வேகமான பாஸ்ட் புட் எதுவும் இல்லை. தொட்டுக்கொள்ளும் ஊறுகாயையும் மோர் மிளகாயையும் மட்டும் அளவாக வையுங்கள், எல்லாம் உப்பு.

பஜ்ஜி, போண்டா கடையில் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். கறுத்து, கெட்டியாகி, நுரை தள்ளிக்கொண்டு, தள்ளி நிற்கிறபோதே தொண்டை கமறினால் அது பல நாள் காய்ந்த எண்ணெய். பேப்பரில் வைத்துப் பிழிந்தால் எண்ணெய் போய்விடும் என்பார்கள், அச்சு மை ஒட்டுவதுதான் மிச்சம். செய்தித்தாளில் சாப்பாடு வைக்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. தட்டில் கேளுங்கள், இல்லையென்றால் வாழை இலைத் துண்டு.

பார்சலுக்கு நான் எவர்சில்வர் டப்பா எடுத்துப் போகிறேன். கொதிக்கிற சால்னாவைக் கவரில் கட்டி வாங்குவதை விட்டேன் என்பது ஒன்று, டப்பா சின்னதாக இருந்தால் சோறும் அந்த அளவுதான் விழும் என்பது இன்னொன்று. காசு அதேதான் வாங்குவார்கள், என் வீட்டம்மாவுக்கு அதில் மட்டும் இன்னும் வருத்தம். அப்புறம், ராத்திரி மீந்த ரைஸை அப்படியே மேடையில் வைத்துவிட்டுக் காலையில் சூடு பண்ணிச் சாப்பிடாதீர்கள். சோற்றில் வளர்கிற ஒரு வகைக் கிருமியின் விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் போகாத சோறு, வேலூர் மே மாதத்தில் ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நேராகக் குப்பைக்கு.