மன அழுத்தத் தலைவலி: பவுடரை நம்பிச் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ எந்த மூலைக் கடைக்குப் போனாலும் தலைவலிப் பவுடர் கிடைக்கும். மடித்த தாளைப் பிரித்து நாக்கில் கொட்டி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். எப்போதாவது என்றால் சரி. தினமும் என்றால்தான் சிக்கல்.

கிராண்ட்பா என்ற பெயரில் விற்பது போன்ற பவுடரில் ஆஸ்பிரின், பாரசிட்டமால், காஃபின் மூன்றும் இருக்கின்றன. இப்படிக் கலந்த மருந்தை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்தைத் தாண்டியும் போட்டுக்கொண்டிருந்தால், மருந்தே தலைவலியைக் கிளப்பிவிடலாம். வெறும் பாரசிட்டமால் என்றால் அந்தக் கணக்கு 15 நாள். காலையில் எழும்போதே வலிக்கும், பவுடர் போட்டால் விடும், மத்தியானம் திரும்ப வரும். வேலை டென்ஷன் என்று நினைத்து இன்னொரு பொட்டலத்தைப் பிரிப்பார்கள். கோடீன் என்ற அபின் வகை வலிமருந்து கலந்த மாத்திரை இன்னும் மோசம், அடிமைப்படுத்திவிடும். மருந்து போட்ட நாட்களைக் காலண்டரில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். நிறுத்தியதும் கொஞ்ச நாள் வலி கூடும். அதற்குப் பயந்துதான் பலர் மறுபடி கடைக்கு ஓடுகிறார்கள்.

மன அழுத்தத் தலைவலி இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். கவலை, தூக்கக்குறைவு, கழுத்தும் தோளும் இறுகிப்போவது எல்லாம் அதைத் தூண்டும். ஒற்றைப் பக்கம் விண்விண்ணென்று தெறித்து, குமட்டி, வெளிச்சமே ஆகவில்லை என்றால் மைக்ரேனாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. பிரஷர் ஏறிவிட்டது என்று தாமாகவே முடிவுகட்டி அடுத்தவர் மாத்திரையைக் கடன் வாங்கிப் போடுவது ஆபத்து. முதலில் பிரஷரை அளந்து பாருங்கள்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்கள் டீ, காபியை ஒரேயடியாக நிறுத்தினால் அதனாலேயே தலை வலிக்கும். சில நாள் முன்பிருந்தே குறைத்துக்கொண்டு வாருங்கள், தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.

அடிக்கடி வரும் வலிக்கு டாக்டர் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தால், 'எனக்கென்ன பைத்தியமா?' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மனச்சோர்வுக்குத் தரும் மருந்துதான். ஆனால் குறைந்த அளவில் தலைவலி வராமல் தடுக்கும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். அதற்குள் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் என்பது என் வருத்தம். கூடவே தினமும் கொஞ்சம் நடை, கழுத்துப் பயிற்சி, நேரத்துக்குத் தூக்கம்.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாத தலைவலியும் உண்டு: இடி விழுந்ததுபோல் திடீரென்று வருவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, பேச்சு குழறுவது, கை கால் மரத்துப்போவது, தலையில் அடிபட்ட பிறகு வருவது. உடனே ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனில் 112 அழையுங்கள்.