ஆளில்லாத மலைக்குடிலில் ஒரு ராத்திரி: டோலமைட்ஸுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

டோலமைட்ஸ் உட்பட இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைகளில் தங்க இரண்டு வகை இடங்கள் உண்டு. ரிஃபூஜியோவில் ஆள் இருப்பார், சூடாகச் சாப்பாடு கிடைக்கும், முன்பதிவும் செய்யலாம். பிவாக்கோ என்பது ஒரு தகரக் கூண்டு அல்லது மரக்குடில். உள்ளே அடுக்குக் கட்டில்களும் சில கம்பளிகளும் இருக்கும், அவ்வளவுதான். உச்சிக்குப் போகிற மலையேறிகள் தலைசாய்க்கவும், புயலில் மாட்டியவர்கள் உயிர் பிழைக்கவும் 1925இல் மோன் பிளாங்க் சிகரத்தின் பக்கம் இவற்றை வைக்கத் தொடங்கினார்கள். இலவச லாட்ஜ் என்ற நினைப்பில் கிளம்பாதீர்கள். குடிலே அங்கே இல்லாவிட்டாலும் ராத்திரியைக் கழித்துவிடலாம் என்கிற அளவுக்குத் தயாராகப் போக வேண்டும்.

1. இடமும் காலமும்

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை சரியான காலம். இத்தாலிய ஆல்பைன் கழகத்தின் பாதைகளுக்குத் தரக்குறியீடு உண்டு. 'ஈ' என்றால் சாதாரண மலைநடை. 'ஈ.ஈ.' அனுபவசாலிகளுக்கு. 'ஈ.ஈ.ஏ.' என்றால் கம்பிவடத்தைப் பிடித்து ஏற வேண்டும், இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டும் ஹெல்மெட்டும் தேவை. முதல்முறைக்கு 'ஈ' பாதையில் உள்ள குடிலாகத் தேடுங்கள். ஒரு மணி நேர நடைக்குள் ஒரு ரிஃபூஜியோ இருந்தால் இன்னும் நல்லது.

2. தண்ணீர்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். டோலமைட்ஸ் சுண்ணாம்பு வகைப் பாறை. பெய்யும் மழை வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கி, பள்ளத்தாக்கில்தான் ஊற்றாக வெளிவரும். அதனால் 2,500 மீட்டருக்கு மேல் ஓடையை நம்ப முடியாது. வரைபடத்தில் நீலக்கோடு இருந்தாலும் ஆகஸ்டில் வெறும் கல்லாகக் கிடக்கலாம். ஆளுக்கு மூன்று லிட்டர் தூக்கிக்கொண்டு போவதே என் கணக்கு: குடிக்க, சமைக்க, மறுநாள் இறங்க. வழியில் கடைசி ரிஃபூஜியோவில் நிரப்பிக்கொண்டால் சுமை குறையும். மேலே தண்ணீர் உண்டா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

பனித்திட்டு இருந்தால் உருக்கலாம். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்ட பிறகே பனியைப் போடுங்கள், இல்லாவிட்டால் அடி தீய்ந்துவிடும். கேஸ் எதிர்பார்ப்பதைவிட நிறையச் செலவாகும். உருகியதைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

3. சாப்பாடு

விமானத்தில் கேஸ் சிலிண்டரைக் கொண்டுபோக விடமாட்டார்கள். அங்குள்ள மலையேற்றப் பொருள் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் பியூட்டேன் குளிரில் எரியாது, புரோப்பேன் கலந்ததாகக் கேளுங்கள். 2,700 மீட்டரில் தண்ணீர் 91 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். சோறு, பருப்பு வைக்கிற ஆசையைக் கீழேயே விட்டுவிடுங்கள். அவல், வறுத்த ரவை, இத்தாலியக் கடைகளில் கிடைக்கும் கூஸ்கூஸ் (கோதுமை ரவைக் குருணை) எல்லாம் வெந்நீரிலேயே ஊறி வெந்துவிடும். கூஸ்கூஸில் புளிக்காய்ச்சல் பிசைந்தால் அமிர்தம். ஊறுகாய் மட்டும் வேண்டாம். தாகம் எடுக்கும், தண்ணீரோ அளந்து வைத்தது.

குடிலுக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடிய தகரக் கூண்டில் ஆளையே கொன்றுவிடும். காற்று அதிகமானால் வெளியே பாறை மறைவில் வைத்துச் சமையுங்கள்.

4. கிளம்பும் நேரம்

கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம். காலை ஆறு, ஏழுக்குக் கிளம்பி இரண்டு மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். குடிலில் முன்பதிவு கிடையாது, பல குடில்களில் ஒன்பது கட்டில்கள்தான். நிரம்பியிருந்தால் என்ன செய்வது என்பதை மேலே போய் யோசிக்கக் கூடாது. பகல் வெளிச்சம் இருக்கும்போதே ரிஃபூஜியோவுக்குத் திரும்பிவிடலாம், அதற்குத்தான் சீக்கிரம் சேரச் சொல்கிறேன். முடியாத நிலைக்கு தூக்கப்பை, தரைவிரிப்பு, நீர்புகாத மேலுறை பையில் இருக்கட்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். ஆகஸ்டிலும் ராத்திரி உறைநிலையைத் தொடலாம். கம்பளி இருக்கும் என்று நம்பி தூக்கப்பையை விட்டுப் போகாதீர்கள்.

5. உள்ளே போனதும்

முதலில் பதிவேட்டில் பெயர், எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் காணாமல் போனால் மீட்புக் குழு பார்க்கிற முதல் தடயம் அது. அப்புறம் வெளிச்சத்திலேயே சுற்றிப் பார்த்து, ராத்திரி ஒதுங்க எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் பள்ளம் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பையை உயரத்தில் தொங்கவிடுங்கள், எலி வரும். காற்றுத் துளையை அடைக்காதீர்கள். இடி இடித்தால் உள்ளேயே இருங்கள், உலோகச் சுவரில் மட்டும் சாய வேண்டாம். இருட்டிய பிறகு யாராவது நனைந்து வந்தால் நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுப்பது அங்கே எழுதாத சட்டம்.

ஆபத்து என்றால் 112. சிக்னல் இல்லாவிட்டால் டார்ச்சாலோ விசிலாலோ நிமிடத்துக்கு ஆறு முறை சைகை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் கவனித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

6. காலையில்

கம்பளியை மடித்து, தரையைப் பெருக்கி, குப்பை மொத்தத்தையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கழிவறைக் காகிதம் உட்பட. ஜன்னல் கதவையும் வாசல் தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்த்து மூடுங்கள். திறந்து கிடந்தால் பனி உள்ளே புகுந்து கட்டில்களையே அழித்துவிடும். ஏதாவது உடைந்திருந்தால் படம் எடுத்து, அந்தக் குடிலைப் பராமரிக்கும் கழகக் கிளைக்கு இறங்கியதும் அனுப்பிவிடுங்கள்; கிளையின் பெயர் பெரும்பாலும் கதவருகே பலகையில் இருக்கும்.