ஏற்காட்டில் நெடுங்காலனைத் தேடிப் போகிறீர்களா?

பார்க்கச் சிலந்தி மாதிரி இருந்தாலும் சிலந்தி அல்லாத, நீளக்கால் பிராணியான ஹார்வெஸ்ட்மேனுக்கு (harvestman) நம்ம பக்கத்தில் தனிப்பெயர் எதையும் நான் கேட்டதில்லை. காபித் தோட்டத்தில் காட்டினால் "எட்டுக்கால் பூச்சிதானே" என்பார்கள். எங்கள் வீட்டில் நெடுங்காலன் என்று கூப்பிடுகிறோம்.

ஐப்பசியில் ரெண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த இரவுதான் சரியான நேரம், ஏனென்றால் உடம்பில் ஈரம் சீக்கிரம் வற்றிவிடும் ஜீவன் இது, வெயில் காலத்தில் வெளியே தலை காட்டாது. எஸ்டேட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், காட்டெருமை நடமாடும் இடம், தனியாகப் போகாதீர்கள். டார்ச்சை சில்வர் ஓக் அடிமரத்தில் மெதுவாக மேலிருந்து கீழே ஓட்டுங்கள், பாசி பிடித்த கல்கட்டையும் விடாதீர்கள். மட்கிய கட்டையைப் புரட்டும்போது உங்கள் பக்கமாக இழுத்துப் புரட்டுங்கள். அடியில் பாம்பு கிடந்தால் எதிர்ப்பக்கம் போய்விடும். பார்த்த பிறகு கட்டையை இருந்தபடியே வைத்துவிடுங்கள்.

டார்ச் ஒளியில் பச்சையாகக் கண் மின்னினால் அது ஓநாய்ச் சிலந்தி, விட்டுத்தள்ளுங்கள். சிலந்திக்கு இடுப்பு உண்டு, உடம்பு இரண்டு துண்டாகத் தெரியும். நெடுங்காலனுக்கு இடுப்பே கிடையாது, உளுந்து மாதிரி ஒரே உருண்டை, முதுகில் சின்ன மேடு, பெரும்பாலும் அதன்மேல் இரண்டே கண். நூல் நூற்காது, வலை கட்டாது. சேலத்தில் வீட்டு பாத்ரூம் மூலையில் கலைந்த வலையில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் கிடுகிடுவென்று ஆடுகிறதே, அது வேறு, அது சிலந்திதான். "கொடிய விஷம், பல்லுதான் சின்னது" என்று நெடுங்காலனைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. விஷச் சுரப்பியே இல்லாத பிராணிக்கு விஷம் எங்கிருந்து வரும்?

காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன், பூச்சி ஓடிவிட்டது, கால் மட்டும் என் விரலிடையில் துடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கால் மறுபடி முளைக்காது. அதிலும் இரண்டாவது ஜோடிதான் நீளம், நடக்க அல்ல, முன்னால் இருப்பதைத் தடவிப் பார்க்க. கிட்டத்தட்ட பார்வையற்றவர் கையில் இருக்கும் கோல். ரொம்பச் சீண்டினால் உடம்பின் முன்பக்க ஓரத்திலிருந்து ஒரு நெடி கிளம்பும், எறும்பு கிட்ட வராது.

அப்புறம், பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். செத்த அந்துப்பூச்சி ஒன்றைப் பக்கத்தில் வைத்தால், அதிர்ஷ்டம் இருந்தால் வந்து சின்ன இடுக்கிகளால் பிய்த்துத் தின்னும். சிலந்தி மாதிரி கரைத்து உறிஞ்சாது, துணுக்காகவே விழுங்கும். காளான், பழம்கூடத் தின்னும். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொரு காலாக வாய்க்குள் விட்டு, ஊசி கோக்கும்முன் நூல்முனையை உதட்டில் ஈரமாக்குகிற பாட்டி போல நிதானமாக இழுத்து வழிக்கும். இதற்காகவே மறுபடி மறுபடி மலை ஏறலாம். காலில் சிவப்புப் புள்ளி மாதிரி ஒட்டியிருப்பது ஒட்டுண்ணிக் குஞ்சு, அதைப் பிய்க்க வேண்டாம்.

போட்டோ எடுத்தால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. உலகத்தில் 6,500-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், பலவற்றை ஆணின் இனப்பெருக்க உறுப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். வெறும் போட்டோவைப் பார்த்து ஒருவர் சட்டென்று இனப்பெயர் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.