தவளைக்கண் ஸ்பிரைட்: ஒரிஜினல் ஸ்டியரிங்கை எறியாமல் திருத்துவது

மட்டக்களப்புக் கல்லடியில் நிற்கும், ‘தவளைக்கண்’ என்று அழைக்கப்படும் என் 1959 ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். விற்கிறீர்களா என்பது ஒன்று, ஸ்டியரிங் ஆடவில்லையா என்பது மற்றது. முதலாவதுக்கு ‘இல்லை’ என்பதே பதில். இரண்டாவதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

புது ராக் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இடமும் வலமும் ஓடிச் சில்லுகளைத் திருப்பும் பல்லுத்தண்டு) வாங்க அவசரப்படாதீர்கள். ஸ்பிரைட்டுகளில் பெரும்பகுதி அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போனவை. அதனால் இணையத்தில் ‘மலிவு’ என்று வரும் பழைய ராக் இடப்பக்க ஸ்டியரிங்குக்கானதாக இருக்கலாம், படத்தைப் பார்த்து ஏமாந்துவிடுவீர்கள். நமக்கு ஒரு வசதி உண்டு. 1958இல் இந்தக் கார் வந்தபோது ஸ்டியரிங்கை மொரிஸ் மைனரில் இருந்தும், முன் சஸ்பென்ஷனை ஒஸ்டின் ஏ35இல் இருந்தும் எடுத்தார்கள். மொரிஸ் மைனர் தெரியாத பாஸ் (மெக்கானிக்) இலங்கையில் இல்லை. காலியில் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய தொழிற்சாலையும் இருந்தது. ஆனால் ஒரே குடும்பம் என்பதற்காக எல்லாம் அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். மைனரில் ராக் முன் அச்சுக்குப் பின்னால், ஸ்பிரைட்டில் முன்னால். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் சரி, இரவு பஸ்ஸில் பார்சல் எடுப்பித்தாலும் சரி, பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கழற்ற முன்பு ஆட்டம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். நாலு சில்லும் நிலத்தில் நிற்கட்டும். மச்சானையோ தம்பியையோ உள்ளே இருத்தி, ஸ்டியரிங்கை இரண்டு விரல் அளவுக்கு இடமும் வலமும் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கையை வையுங்கள். தளர்ந்த மூட்டு கண்ணுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரியும். பிறகு ஜக் போட்டுத் தூக்கி, சில்லின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். அப்போது ஆடினால் கிங் பின் (சில்லு இடமும் வலமும் திரும்பும் செங்குத்து அச்சாணி) அல்லது வீல் பேரிங். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லித் திரும்ப அசையுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். எங்கள் பக்கத்து வளவெல்லாம் மணல், ஜக் சாய்ந்துவிடும். அடியில் தடித்த பலகை போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தாமல் காருக்குக் கீழே தலையை விட வேண்டாம்.

ஸ்டியரிங் வளையத்தைக் கழற்றும்போது, தண்டிலும் நடுக்குமிழிலும் ஒரே நேர்கோட்டில் புள்ளி குத்தி அடையாளம் வையுங்கள். நட்டை முழுதாக எடுக்காமல் இரண்டு மூன்று புரியில் விட்டுவிட்டு, பின்பக்கத்தால் இரண்டு கையாலும் தட்டி இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் வளையம் திடீரென்று வந்து முகத்தில் அடிக்கும். தண்டின் நுனியில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. கீழே, கொலம் (ஸ்டியரிங் தண்டு) பினியனோடு (ராக்கை ஓட்டும் சிறு பல்சக்கரம்) சேரும் இடத்தில் ஒரு இறுக்கும் போல்ட் இருக்கிறது. அது பினியனில் வெட்டிய பள்ளத்தினூடாகப் போகிறது. தளர்த்தினால் மட்டும் போதாது, முழுதாக உருவி எடுக்க வேண்டும்.

இனி ராக். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் உள்ள ரப்பர் பூட் (தூசி உறை) கிழிந்திருந்தால் உள்ளே ஒயில் இருக்காது, கடற்கரை மணல் இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, ராக்கின் பல்லை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தேய்மானம் நடுவில் உள்ள பற்களில்தான் கூட இருக்கும். கல்முனை வீதி மாதிரி நேரான வீதியில் ஓடிய காரில் ஸ்டியரிங் பெரும்பாலும் நடுவிலேயே நின்றிருக்கும், வேறெங்கே தேயும்? பல் மினுங்குவது பிழையில்லை. நகத்தை ஓட்டினால் படியாகத் தட்டுகிறதா, மேல்தோல் பொரிந்திருக்கிறதா என்று பாருங்கள். என் ராக்கைக் காத்தான்குடியில் ஒரு லேத் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரக் காக்கா (அண்ணன்) கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பல்லைப் பெருவிரலால் தடவி, “இத எறிய வேணாம் மனே, பல்லுக்கு ஒண்டும் ஆகல்ல, சிம்தான் பிழை” என்றார். சிம் என்பது இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு. அவர் சொன்னது சரிதான்.

பினியனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தொப்பி நட் இருக்கும். அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும், ராக்கைப் பினியனோடு அணைத்துப் பிடிக்கும் ஒரு கட்டையும். தொப்பிக்குக் கீழே மெல்லிய சிம்கள். ஸ்பிரிங்கையும் சிம்களையும் எடுத்துவிட்டு, கட்டையையும் தொப்பியையும் மட்டும் போட்டு, பினியனைத் திருப்பும்போது கைக்கு இலேசாகப் பிடிக்கத் தொடங்கும்வரை முறுக்குங்கள். இப்போது தொப்பிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, அதோடு அங்குலத்தின் ஆயிரத்தில் 2 முதல் 5 பங்கு, அதாவது 0.05 முதல் 0.13 மில்லிமீட்டர் கூட்டுங்கள். அந்த மொத்தத் தடிப்புக்குச் சிம் போட்டு, ஸ்பிரிங்கோடு திரும்பப் பூட்ட வேண்டும். நடுவில் மட்டும் வைத்து அளந்தால், வளைவில் முழுதாகத் திருப்பும்போது இறுகிவிடும். ராக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடவிட்டு, எங்கே கூட இறுக்கமோ அங்கே அளக்க வேண்டும். அப்படி அளந்த பிறகும் நடுவில் கடகடத்தால் பல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது வேறு ராக் தேடுங்கள், மனம் நோகத் தேவையில்லை.

சோடா கானை வெட்டிச் சிம் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அலுமினியம் நசுங்கும். உருக்கு அல்லது பித்தளைச் சிம் தகடு வாங்கி வெட்டுங்கள்.

ராக்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட்டின் உள்பக்கக் குண்டு மூட்டும் சிம்மால்தான் சரிசெய்யப்படுகிறது. கையால் அசைத்தால் கொஞ்சம் கனமாக, எங்கும் சிக்காமல் அசைய வேண்டும். வெளிப்பக்க டை ரொட் எண்ட், பூட், கொட்டர் பின், நைலொக் நட் இவற்றில் ஒரிஜினல் பைத்தியம் வேண்டாம், புதிது போடுங்கள். தேய்ந்த எண்டுக்கு வெல்டிங் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கராஜை விட்டு வெளியே வாருங்கள். கிங் பின்னுக்குப் புது புஷ் அடித்தால், அதை ரீமர் போட்டு அளவுக்கு எடுக்க வேண்டும், அது லேத் கடை வேலை.

ராக்குக்குள் ஈபி 90 கியர் ஒயில்தான் போக வேண்டும். கிறீஸ் அடைத்தால் அது பல்லை விட்டு ஒதுங்கி ஓரத்தில் போய் உறைந்திருக்கும். கிறீஸ் கிங் பின்னுக்கும் அதன் கீழ் ஃபல்கிரம் பின்னுக்கும் (கீழ் மூட்டின் ஆணி). கம்பனி சொன்ன கணக்கு 1,000 மைலுக்கு ஒரு தடவை, சில்லைத் தூக்கி வைத்து அடித்தால்தான் கிறீஸ் எல்லா இடமும் போகும்.

வளையத்துக்கு வருவோம். கடினப் பிளாஸ்டிக்குக்கு உள்ளே இரும்புக் கம்பி. உப்புக்காற்றில் கம்பி கறள் பிடித்து வீங்க, மேலே வெடிக்கிறது. வெடிப்பை மேலால் பூசி மூடினால் அடுத்த மாரிக்குத் திரும்ப வெடிக்கும். வாள் அலகாலும் முக்கோண அரத்தாலும் வெடிப்பை வி வடிவில் கம்பி வரை திறந்து, கறளைச் சுரண்டி, கறள் மாற்றும் திரவம் பூசிக் காயவிடுங்கள். அதன் பிறகு அரல்டைட் மாதிரியான எபொக்ஸியைக் கொஞ்சம் மேடாக நிரப்புங்கள். ஒரு நாள் விட்டு அரத்தால் வடிவம் எடுத்து, 120இல் தொடங்கி 800 வரை சாண்ட் பேப்பர். பின்பக்கத்தில் விரல் பதியும் பள்ளங்களை அவசரத்தில் மட்டமாக்கிவிடாதீர்கள், ஒரிஜினல் வளையத்தின் அழகே அங்கேதான். பெயின்ற் அடிப்பதை கார்த்திகை, மார்கழியில் வைக்காதீர்கள். ஈரக் காற்றில் கறுப்பு பெயின்றில் வெள்ளை படரும். பங்குனிக்குப் பிறகு, காலை வெயில் ஏறிய பின் அடியுங்கள்.

பூட்டும்போது ராக் தாங்கிகளின் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, கொலத்தைச் சேர்த்து, நேராக நிற்கிறது என்று கண்ட பிறகே இறுக்க வேண்டும். வளைந்து நின்றால் பினியன் பேரிங் சீக்கிரம் போகும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள், இந்தக் காரில் கிட்டத்தட்ட இரண்டேகால். அதில் பாதிதான் நடு. அங்கே வைத்து வளையத்தைப் போடுங்கள்.

டோ-இன் (முன் சில்லுகள் முன்பக்கத்தில் சற்று உள்நோக்கி நிற்பது) அளவு 0 முதல் 3 மில்லிமீட்டர். மெசின் தேவையில்லை. முன் சில்லுகளின் டயர் நடுவில் வெண்கட்டியால் கோடு போட்டு, அச்சு உயரத்தில் முன்பக்கம் அளந்து, கோடு பின்பக்கம் வரும்வரை காரை முன்னால் தள்ளி, திரும்ப அளங்கள். முன் அளவு சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். திருத்தும்போது இரண்டு டை ரொட்டையும் ஒரே அளவு திருப்புங்கள்.

முதல் ஓட்டத்துக்கு ஆள் நடமாட்டம் குறைந்த வீதியாகப் பார்த்து, மெல்லப் போங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா நட்டையும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்த்து, ரப்பர் பூட்டின் கிளிப்பில் ஒயில் கசிகிறதா என்றும் தடவிப் பாருங்கள்.